சீயாவின் கத்தி

கித்துள் கருப்பட்டி வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முதலில் ஒரு கத்திதான் ஞாபகத்துக்கு வரும்.

இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசையில் எங்களுடையது கடைசிக் காம்பரா. சம்பளத்துக்கு மறுநாள், கீழே கினிகத்தேனைப் பக்கமிருந்து ஒரு கிழவர் கருப்பட்டி கொண்டுவருவார். சிங்கள ஊரை எங்கள் ஆட்கள் 'நாடு' என்பார்கள்; அங்குள்ளவர் 'நாட்டான்'. பிள்ளைகளுக்கு அவர் 'சீயா', சிங்களத்தில் தாத்தா. கித்துள் பூவைச் சீவும் கத்தி எப்போதும் சாரத்து இடுப்பில் இருக்கும். வாசலில் குந்துவார், தேத்தண்ணி கொடுத்தால் கையாட்டி மறுப்பார். "நம்ம கையால குடிச்சா அவனுக்குத் தீட்டு" என்பாள் அம்மாயி. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த காலத்தில் கடைத்தெருவில் யாரோ ஒருவன் அவளைக் 'கள்ளத்தோணி' என்று ஏசியிருந்தான். அந்த ஒருவனின் வாயை அவள் எல்லா நாட்டான் முகத்திலும் பார்த்தாள். அவள் மடியில் வளர்ந்தவன் நான்.

1977 ஆகஸ்ட், தமிழருக்கு எதிரான கலவரம். எனக்கு ஏழு வயது. இருட்டில் தேயிலைக்குள் குப்புறக் கிடக்கிறோம். வாயெல்லாம் மண். கீழே லயத்துத் தகரம் சூட்டில் வெடிக்கிறது. அதற்குச் சற்று முன்னால் வாசலில் சீயா. கையில் டோர்ச் லைட், இடுப்பில் கத்தி. எரிக்க வந்தவர்களோடு வந்தவர் அவர் என்பதில் நாற்பது வருடங்களாக எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பிறகு பல குடும்பங்களைப் போல நாங்களும் வவுனியாவுக்குப் போனோம். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் 'தோட்டக்காட்டான்'. வகுப்பில் பென்சில் தொலைந்தால் முதலில் என் பையைத்தான் கொட்டினார்கள். அந்தச் சொல் சுட்ட சூடு தெரிந்தும், 'நாட்டான்' என்ற சொல்லை நான் விடவில்லை.

நாற்பது வருடம் கழித்து ஒருநாள் அக்காவிடம் அந்த இரவைப் பற்றிப் பேசினேன். கீரை உருவிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"என்னடா சொல்ற? அவருதானே முன்னுக்கே ஓடிவந்து, 'வர்றானுங்க, ஓடுங்க'ன்னு சிங்களத்துல கத்துனாரு. ஒன்னையத் தூக்கிட்டு மலை ஏறுனதும் அவருதான்."

"அவர் பேரு என்னக்கா?"

யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

கண்ணை மூடித் தேடினேன். தூக்கிய கை ஞாபகத்தில் இல்லை. டோர்ச் வெளிச்சம் குலுங்குவது மட்டும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அன்று அவர் கருப்பட்டி கொண்டுவரவில்லை. ஆனாலும் அந்த இரவு முழுக்கக் கருப்பட்டி வாசனை. என் முகம் அவர் தோளில் இருந்திருக்கிறது.