இரு கலைஞர்களின் இறுதியாண்டு

அண்மையில் ஓரிரவு, நண்பரொருவரின் இல்லத்திலே, இரு வயலின், ஒரு வியோலா, இரு செல்லோ ஆகிய ஐந்து வாத்தியங்களுக்கென ஷூபேர்ட் இயற்றிய இசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாம் பகுதி முடிந்ததும், "சாவு நெருங்குவதை உணர்ந்தவனாலேயே இவ்வாறு எழுத முடியும்" என்றார் நண்பர். நாமும் தலையசைத்தோம். வீடு திரும்பும் வழியில் அத் தலையசைப்பு எம்மை உறுத்தலாயிற்று.

உண்மை யாது? மொஸார்ட் 1791 டிசம்பர் 5ஆந் திகதி 35 வயதிலும், ஷூபேர்ட் 1828 நவம்பர் 19ஆந் திகதி 31 வயதிலும் வியன்னாவில் மறைந்தனர்.

மொஸார்ட்டின் இறுதியாண்டு உழைப்பாளி ஒருவனின் ஆண்டு. செப்டெம்பர் 6ஆந் திகதி, முடிசூட்டு விழாவுக்காகப் பிராக் நகரில் ஓர் இத்தாலிய இசைநாடகம். 30ஆந் திகதி, வியன்னாவின் புறநகர் அரங்கிலே ஜேர்மன் மொழியில் 'மாயப் புல்லாங்குழல்'. பின்னர் ஸ்டாட்லர் என்னும் வாத்தியக்காரருக்காகக் கிளாரினெற் கொன்சேர்ட்டோ. முற்றுப்பெறாத இரங்கற் பூசையிசையோ, மனைவியை இழந்த பிரபு ஒருவர் தாமே இயற்றியதாகக் காட்டிக்கொள்ளும் நோக்குடன் இரகசியமாகப் பணங்கொடுத்து எழுதுவித்தது. கலைஞனின் பெயரையும் விலைக்கு வாங்கலாமெனப் பிரபுத்துவம் எண்ணிய காலம் அது!

ஷூபேர்ட் ஆசிரியரொருவரின் மகன். தாமும் தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராயிருந்தவர். அரண்மனைப் பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. 1828 செப்டெம்பரில் மூன்று பியானோ சொனாட்டாக்களை முடித்தார். நாம் அன்றிரவு கேட்ட இசையும் அவ்வாண்டின் பிற்பகுதிக்குரியதே. அது பொது அரங்கில் ஒலித்தது 1850இல், அச்சேறியது 1853இல்.

இவ்விருவரின் இறுதிப் படைப்புகளையும் ஒப்பிடும்போது எமக்கு ஒன்று புலப்படுகிறது. மொஸார்ட்டுக்காக அரங்கும் வாத்தியக்காரரும் காத்திருந்தனர். எனவே அவரது இசை சிக்கனமானது, சொல்லவேண்டியதைச் சொல்லி விடைபெறுவது. ஷூபேர்ட்டுக்காக எவரும் காத்திருக்கவில்லை. எனவே அது நீண்டது, தனிவழி நடப்பவனைப்போல் நின்று நின்று செல்வது. இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு சமுதாயத்துக்குரியது, சாவுக்குரியதன்று.

அவர்களோ எதிர்காலத்தையே நோக்கியிருந்தனர். 1791 மே மாதத்தில் மொஸார்ட், வியன்னாத் தேவாலயமொன்றின் உதவி இசைத்தலைவர் பதவியைச் சம்பளமின்றி ஏற்றார். பின்னொருநாள் தலைமைப் பதவி கிட்டுமென்ற நம்பிக்கையே காரணம். ஷூபேர்ட் தமது மரணத்துக்கு இரு வாரங்களின் முன், நவம்பர் 4ஆந் திகதி, செக்டர் என்னும் ஆசிரியரிடம் இசையிலக்கணப் பாடங்கேட்கச் சென்றார். முடிவை அறிந்தவன் புதிய பாடந் தொடங்குவதில்லை.

எம்மை உறுத்தியது இதுவே. சில ஆண்டுகளின்முன் எம் மாணவனொருவன் காய்ச்சலால் இறந்தான். இரங்கற் கூட்டத்தில், "வந்த பணி முடிந்தது, சென்றான்" என்று பேசியவர்களுள் நாமும் ஒருவர். அவனது மேசையிலோ, பாதிக் கணக்குடன் ஒரு கொப்பி திறந்தபடி கிடந்தது.

அகால மரணத்தை அழகுபடுத்துவோர், அதனைத் தடுக்கவேண்டிய கடமையிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கின்றனர். 'இறுதிப் படைப்பு' என்பது நாம் இட்ட பெயர். எழுதியவர்களுக்கு அது அடுத்த படைப்பு, அவ்வளவே. நண்பரை மீண்டும் சந்திக்கும்போது, அன்று அசைத்த தலையை மீளப்பெற்றுக்கொள்வோம்.