பட்டன் இருக்கு, விரல் வைக்கலாமா?

ஒரு பட்டன் திரையில் தெரிகிறதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அதையே நிரலைக் கேட்டுச் சொல்லவைக்கும் வேலையைத்தான் பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு டெஸ்டிங் குழுவில் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு மதுரைக்கார அக்கா. ஐ.டி. அலுவலகத்தில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கருவி அப்பியம். 2012இல் லண்டன் செலினியம் மாநாட்டில் டான் குவெல்லார் காட்டிய ஐபோன் சோதனைக் கருவியிலிருந்து வளர்ந்தது அது. 2019இல் அப்பியத்துக்கென்றே ஒரு மாநாடு பெங்களூரிலேயே நடந்தது. அப்பியம் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் எந்த அக்செசிபிலிட்டி விவரங்களை நம்புகிறதோ, ஆண்ட்ராய்டில் அவற்றைத்தான் இதுவும் படிக்கிறது. அங்கே நீண்ட பட்டியலின் அடியில் கிடக்கும் பொருள், ஸ்க்ரோல் செய்யும்வரை பெரும்பாலும் அந்த விவரங்களிலேயே வராது. ஐபோனில் அதே பொருள் ‘இருக்கிறது, தெரியவில்லை’ என்று வரலாம்.

என்னை அதிகம் படுத்தியது கீபோர்டு. சின்னத் திரை போனில் தொகையைத் தட்டியதும் எண் பலகை எழும்பி, கீழே இருக்கும் ‘பணம் செலுத்து’ பட்டனை மூடிக்கொள்ளும். கீபோர்டு தனி ஜன்னல். ஆகவே பட்டன் தெரிகிறதா என்று கேட்டால் ‘ஆம்’ என்றே பதில் வரும். நம்பித் தட்டினால், தட்டு எண் பலகையில் விழுந்து 500 ரூபாய் 5008 ஆகிவிடும். டெஸ்டோ பட்டனைத் தட்டிவிட்டதாகப் பச்சை காட்டும்.

“தெரியுதான்னு கேக்காதப்பா, அங்க விரல் வைக்க முடியுமான்னு கேளு” என்பார் அக்கா. அதற்கு, பட்டனின் நான்கு ஓரங்களையும் வாங்கி, கீபோர்டு திறந்திருக்கிறதா என்றும் கேட்டு, திறந்திருந்தால் மூடிவிட்டுத்தான் தட்ட வேண்டும். கூகுளின் சோதனைக் கருவியான எஸ்ப்ரெஸோ இதில் கறார்ப் பேர்வழி: 90 சதவீதமாவது தெரியாத பொருளைத் தட்டவே மறுத்துவிடும்.

விளம்பரக்காரர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் விதிப்படி, விளம்பரத்தின் பாதிப் பிக்சல்கள் ஒரு விநாடி தொடர்ந்து திரையில் இருந்தால் ‘பார்க்கத்தக்கது’. வீடியோவுக்கு 2 விநாடி. மொபைல் விளம்பர நிறுவனமான இன்மொபி இதே ஊரில்தான் இருக்கிறது. அவர்களுக்கு இந்தச் சதவீதம் காசு. எங்களுக்கு அரைப் பட்டன் என்பது அரைகுறை பட்டன்தான்.

இத்தனைக்கும் பிறகு டார்க் மோட் வரும். கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தாலும் அப்பியம் ‘தெரிகிறது’ என்றே சொல்லும். அதற்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுவதுதான் எங்கள் வழி. திரையின் மேல்பட்டையில் இருக்கும் கடிகாரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், அந்தப் பட்டையை மட்டும் வெட்டிவிட்டு ஒப்பிடுவோம்.