மண்ணெண்ணெய்ப் போத்தல்

மலருக்கு யாதேனும் எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, எம்மிடம் புணரியற் கட்டுரை ஒன்று ஆயத்தமாயிருந்தது. அதனை அடுத்த விழாவிற்கு வைத்துக்கொண்டு, ஒரு போத்தலைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. நாம் அப்பொழுது சிறுவகுப்பு மாணவர். ஒரு மாலை எம் அன்னையார், பங்கீட்டு அட்டையும் காசும் தந்து, அரைப் போத்தல் எண்ணெய்க்குச் சங்கக்கடைக்கு எம்மைத் தனியே அனுப்பினார். வரிசையில் நின்று வாங்கினோம். மீதிக் காசையும் எண்ணிப் பெற்றோம். ஒழுங்கையில் ஓடி இடறி விழுந்து, பாதியை மண்ணுக்குக் கொடுத்தோம்.

அடி விழுமென்று நின்ற எம்மை அன்னையார் அடிக்கவில்லை. ஜாம்போத்தல் விளக்கை எடுத்துவந்து, "ஓர் இரவுக்கு இரண்டு கரண்டி. மிஞ்சினது எத்தனை இரவுக்குக் காணும், தம்பி?" என்று வினாவினார். அளந்து பார்த்தோம்: பன்னிரண்டு கரண்டி; ஆறு இரவு. அடுத்த பங்கு கிடைக்க எட்டு நாள் இருந்தது. "மற்ற இரண்டு இரவும்?" என்றார். எமக்கு வாயெழவில்லை. அவ்விரு இரவும் வீட்டார் பொழுதோடு உண்டு படுத்தனர்; பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த தமக்கையார் அயல்வீட்டு விளக்கடியில் இருந்து படித்தார்.

பின்னாளில் ஆசிரிய கலாசாலையிலே 'செய்து கற்றல்' பற்றிக் குறிப்பெழுதிய போதெல்லாம் எமக்கு மண்ணெண்ணெய் மணந்தது.

எம் மகளுக்கு இப்பொழுது வயது ஏழு. சனிக்கிழமைகளில் திருநெல்வேலிச் சந்தைக்கு உடன் வருவாள். பிள்ளையை வீட்டில் விட்டுச் சென்றால் விரைவில் திரும்பலாம் என்பர், உண்மையே. ஆயினும் சீப்பு, குலை, கட்டு, கூறு என்னும் சொற்களை அவள் அங்கேதான் பெற்றாள். எம் பாடக்குறிப்பில் அவை ஒரே வரியில் உறங்கிக் கிடந்தன. கீரையைப் 'பிடி' என்பது ஏனென்று ஒருநாள் கேட்டாள். கீரை விற்கும் ஆச்சி தம் கையாற் பிடித்துக் காட்டி, அவளையும் பிடிக்கச் செய்து, "உன்ரை பிடி சின்னன், பிள்ளை, விலையும் குறையும்," என்று சிரித்தார். அவ்விலைக்கே வாங்கியும் வந்தோம்.

சென்ற கிழமை ஒழுங்கை முகப்புக் கடைக்கு அவளை முதன்முறையாகத் தனியே அனுப்பினோம்: கால் போத்தல் தேங்காயெண்ணெய். ஓடாதே என்று சொல்ல மறந்தமை பின்னரே நினைவுக்கு வந்தது. படலையில் நின்றோம். போத்தலை இரு கைகளாலும் அணைத்தபடி, மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து வந்துகொண்டிருந்தாள்.