அக்கரைக்குப் போன மருத்துவச்சி

இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டி பாம்பன் பாலத்தை எட்டுமுன் 'மண்டபம் முகாம்' என்ற நிலையத்தைக் கடந்து செல்லும். ஊர்ப்பெயரோடு 'முகாம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது எவ்வாறு என்று பயணிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பப்பட்ட காலத்தில், அந்நாட்டு அரசே இந்தியக் கரையில் நடத்திய தடுப்பு முகாம் அது. கடல் கடக்க வந்தவர்களைச் சில நாள் அங்கே நிறுத்தினர், தொற்றுநோய் உண்டா என்று பார்த்தனர், அம்மை குத்தினர். அதன் பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினர்.

அங்கு வரிசையில் அமர்ந்திருந்த பெண்களுள் மருத்துவச்சிகளும் இருந்தனர். ஆனால், கங்காணியின் கணக்கில் மருத்துவச்சி என்று ஒருத்தியும் இல்லை. அவளும் கொழுந்து பறிக்கப் போகும் ஓர் ஆள், அவ்வளவே. தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அச்சீட்டில் தொழிலையோ திறமையையோ குறிக்க இடமில்லை.

கரும்புத் தோட்டங்களுக்காகத் தொலைதூரத் தீவுகளுக்குக் கப்பலேறியவர்களுள் ஆண்களே மிகுதி. இலங்கைக்குச் சென்றவர்கள் அப்படியல்லர். 1869இல் காப்பிச் செடியில் கண்ட இலைநோய் பரவி அப்பயிரை அழித்தபின் மலைநாடு தேயிலைக்கு மாறியது. ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ளப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. ஆகவே கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டினர். பெண்கள் போன இடத்திற்குப் பேறும் உடன் போயிற்று. பேறு போன இடத்திற்கு மருத்துவச்சி போகாமல் முடியுமா?

முன்னே சென்றவர்கள் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் காட்டு வழியில் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் பலரை வாங்கிக்கொண்டன. நிறைசூலியும் நடந்தாக வேண்டிய வழி அது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் எளிதாயிற்று. கரையிலிருந்து கரைக்குப் பத்துக் காத தூரம்கூட இல்லை. ஆயினும் மக்கள் அதைச் 'சீமை' என்றே சொன்னார்கள். 'கண்டிச் சீமை' என்ற அச்சொல்லில் தொலைவைவிடத் திரும்புவோமா என்ற ஐயமே மிகுதி.

தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்த அவ்வறையில்தான் ஒரு குடும்பம் சமைக்கவும் உறங்கவும் வேண்டும். பிள்ளைப்பேறும் அங்கேதான். இராமநாதபுரத்துச் சீமையின் வெயிலும் உவர்காற்றும் பழகிய உடல், மலைக்குளிரில் ஈரத்தரையில் நோவெடுத்துக் கிடக்கும். ஊரில் வேப்பிலைக்கும் பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கும் காய மருந்துக்கும் அலைய வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொன்றையும் தேட வேண்டும். கொண்டு வந்தவற்றுள் குறையாதிருந்தவை கைப்பழக்கமும் பொறுமையுமே. வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று அறிவாள். கொடி அறுத்து, நஞ்சு விழும்வரை காத்திருப்பாள். அவள் கையால் இயலாத பேறுகளும் இருந்தன. தாயும் சேயும் பிழைக்காத இரவுகளை ஒப்பனையின்றி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கைப்பழக்கம் மட்டும் எல்லா உயிரையும் காத்துவிடாது.

இரவெல்லாம் ஒருத்தியின் தலைமாட்டில் இருந்தவள், விடியலில் தப்பு முழங்கியதும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில் அன்றைக்குப் 'பேர்' விழாது; பேர் விழாவிட்டால் கூலி இல்லை. பிறந்த ஊரில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்களே பெரும்பாலும் இத்தொழிலைச் செய்தனர். ஊரார் பிள்ளைகளை முதலில் தொட்ட கையை, அப்பிள்ளைகள் வளர்ந்தபின் தொடத் தயங்கிய சமூகம் அது. அக்கரையில் அத்தயக்கம் முற்றும் மறைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால், நள்ளிரவில் நோவெடுத்தால் லயத்தில் தட்டுவதற்கு இருந்தது அவள் கதவு ஒன்றுதான்.

அதே தீவின் பிற பகுதிகளில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மகப்பேற்றுச் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். இலங்கைத் தமிழில் அவர்களுக்கு 'மருத்துவ மாது' என்று பெயர். 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000 என்ற அளவில் இருந்த தாய் இறப்பு படிப்படியாகக் குறைந்து, உலகமே வியக்கும் நிலையை எய்தியது. தோட்டங்களுக்கு மட்டும் அந்நலம் காலந்தாழ்ந்தே வந்தது. அங்கு மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்த ஒருவர் குடிமகன் எனக் கொள்ளப்பட வேண்டுமாயின் அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தையைப் பெற்ற பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தாயைப் பற்றிச் சட்டம் கேட்கவில்லை. பேறு பார்த்தவளையும் கேட்கவில்லை. இன்ன லயத்தில், இன்ன மழை நாளில், இவன் தகப்பன் என் கையில்தான் விழுந்தான் என்று சொல்லக்கூடியவள் அடுத்த அறையிலேயே இருந்தாள். அவள் சொல் சான்றாகவில்லை. தாளைக் கேட்டார்கள், பலரிடம் தாள் இல்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றோர் ஆயினர்.

1964 அக்டோபர் 30இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது. இரண்டு மாதம் ஆகுமுன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. போன வழி கடலுக்குள் போயிற்று. திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். பாட்டி காத்திருந்த அதே மண்டபம் முகாமில் பேத்தியும் காத்திருந்தாள். சிலருக்கு நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மறுபடியும் மலை, கொழுந்து, குளிர்.

1983க்குப் பின் அம்முகாம் இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கு இடமாயிற்று. படகில் வந்த பெண்களுள் சூலுற்றவர்களும் இருந்தனர். இப்போது பிறப்புகள் ஏட்டில் ஏறின; 'பிறந்த இடம்: மண்டபம்' என்று சான்றிதழ் கிடைத்தது. 1986இல் அங்கே பிறந்த ஒருவருக்கு, இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 1987 ஜூலை முதல் நாள் தொடங்கி இந்நாட்டில் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. அந்நாளுக்குப் பின் அதே முகாமில் ஏதிலியருக்குப் பிறந்த பிள்ளைகளின் சான்றிதழ்களிலும் பிறந்த இடம் மண்டபம் என்றே இருக்கிறது.