மல்பெரியில் வெள்ளை

ஆகஸ்ட் 22, 2010
டி. நரசிபுரம் தோட்டத்தில் குருத்து சுருண்டு, தண்டெல்லாம் வெள்ளை அப்பியிருக்கிறது. ஒரு பூச்சியை நசுக்கினேன், விரலில் மஞ்சள். மல்பெரியில் வழக்கமாக வரும் துக்ராப் பூச்சியென்றால் சிவப்பாக ஒட்டும். இது வேறு.

ஆகஸ்ட் 23
வேலியோரப் பப்பாளி, செம்பருத்தி, பார்த்தீனியம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 30
பட்டுப்புழு நாலாம் தோல் உரித்துவிட்டது. மொத்தத் தீனியில் எண்பது சதவீதத்துக்கு மேல் இனிதான் தின்னும். இலையோ சாறு உறிஞ்சப்பட்டு, பிசுபிசுத்து, கரும்பூசணம் படிந்து கிடக்கிறது. மருந்துக் கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து பூச்சியின் உடம்பில் சரியாகப் படாது. இலையில் தங்கியதைத் தின்று புழு சாகும். பட்டுப்புழுவும் பூச்சிதானே. டப்பாவை வாங்காமல் வந்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

செப்டம்பர் 11
மைசூர் ஸ்ரீராம்புரத்துப் பட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். பப்பாளி மாவுப்பூச்சியாம். பூர்வீகம் மெக்சிகோ. நம் நாட்டில் 2008இல் கோவையில் முதலில் கண்டிருக்கிறார்கள். மெக்சிகோவில் அதை அடக்கி வைக்கும் குளவி இங்கே இல்லை. அதனால்தான் இத்தனை ஆட்டம். பியூர்டோ ரிக்கோவிலிருந்து குளவியைத் தருவித்து பெங்களூரில் சோதிக்கிறார்கள். மனசு கொஞ்சம் லேசானது.

அக்டோபர் 17
விஜயதசமி. ஊரே மைசூர் தசரா ஊர்வலமான ஜம்பு சவாரிக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை.

நவம்பர் 28
குளவி வந்தது. கடுகில் பாதிகூட இல்லை. குப்பியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்துத் தோட்டத்து அண்ணாவிடம் கெஞ்சினேன்: "மருந்தடிச்சா குளவியும் செத்துடும். ரெண்டு மூணு வாரம் பொறுங்க அண்ணா."
"பொறுக்கலாம். பையனோட காலேஜ் ஃபீஸ் பொறுக்குமா?"
பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 20
லென்ஸில் பார்த்தேன். மாவுப்பூச்சிகள் உப்பி, பழுப்பேறி, கெட்டிப்பட்டிருக்கின்றன. சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை: உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வழி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜனவரி 9, 2011
புதுக் குருத்து பச்சையாக வருகிறது. அண்ணா மல்பெரியை வேரோடு பிடுங்கிவிட்டார், கரும்பு நடுகிறார். அவர் அப்பா வைத்த தோட்டம் அது. "உங்க குளவி இந்தப் பக்கமும் வந்துச்சு, பார்த்தேன்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த வளர்ப்புக்கு நூறு முட்டைத் தொகுதி சொல்வதா, ஐம்பதோடு நிறுத்துவதா? நாளைக்குள் சொல்ல வேண்டும்.