பதக்கம் கைநழுவிய பிறகு

முதல் தேர்வு சரியாக எழுதவில்லை என்றதும் மீதித் தேர்வுகளுக்குப் படிக்கவே மனம் வராமல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "இனிமே எழுதி என்ன தாத்தா ஆகப்போகுது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் மாவோ அசாடா என்ற ஜப்பானியப் பெண்ணைப் பற்றிச் சொல்வேன்.

2014 பிப்ரவரி 19. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இரண்டு சுற்றுகள் உண்டு. முதல் நாள் சிறிய சுற்று, மறுநாள் நீண்ட சுற்று, இரண்டின் மதிப்பெண்களையும் கூட்டித்தான் பதக்கம். அன்று கடைசி ஆளாகப் பனித்தளத்தில் இறங்கிய மாவோ, முதல் தாவலிலேயே விழுந்தார். அதன் பிறகும் தடுமாற்றம்தான். கிடைத்தது 55.51 புள்ளிகள், 16ஆவது இடம். நான்கு ஆண்டுகளுக்கு முன் வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர் அவர். இந்த முறை தங்கம் என்று ஒரு தேசமே காத்திருந்தது. ஒரே இரவில் எந்தப் பதக்கமும் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது.

அவர் நாட்டின் முன்னாள் பிரதமர் யோஷிரோ மோரி, முக்கியமான நேரத்தில் அந்தப் பெண் எப்போதும் விழுந்துவிடுகிறார் என்ற பொருளில் மேடையில் பேசினார். வயதில் மூத்தவன் என்ற முறையில் இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. விழுந்து கிடக்கும் பிள்ளையைப் பற்றி ஊர் கேட்கப் பேசுவதற்கு வயது யாருக்கும் உரிமை தரவில்லை. பிறகு செய்தியாளர்கள் இதுபற்றிக் கேட்டபோது மாவோ கோபப்படவில்லை. மனிதர் என்றால் தவறுவதும் உண்டு, யாரும் வேண்டுமென்று தவறுவதில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

விழுந்த மறுநாள் அவர் மீண்டும் பனித்தளத்துக்கு வந்தார். ரஹ்மானினோவின் இரண்டாவது பியானோ இசைக்கோவை ஒலிக்க, முதலில் டிரிபிள் ஆக்சல், முந்தைய இரவு அவரை வீழ்த்திய அதே தாவல். மற்றத் தாவல்களுக்குப் பின்புறமாகச் சறுக்கி வந்து எழும்புவார்கள். ஆக்சலுக்கு மட்டும் முன்னோக்கி வந்து எழும்பி, பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் காற்றில் மூன்றரைச் சுற்று. அன்றைக்குப் பெண்களில் அதை முயன்றவர்களே மிகச் சிலர். மாவோ தடுமாறாமல் இறங்கினார். அதையும் சேர்த்து எட்டு டிரிபிள் தாவல்கள், ஒன்றில்கூட விழவில்லை. ஓரிரண்டில் சுழற்சி முழுமையாகவில்லை என்று நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள். அப்படியும் 142.71, அதுவரை அவர் வாழ்க்கையில் எடுத்த மிக உயர்ந்த மதிப்பெண். முடித்ததும் முகத்தை மேலே உயர்த்தி அழுதுவிட்டார். மொத்தக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது ஆறாவது இடம்.

இதைத் துணிச்சல் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். துணிச்சல் இல்லாமல் இல்லை. ஆனால் ஓர் இரவில் திரட்டிய துணிச்சலை நம்பி யாராலும் மூன்றரைச் சுற்று சுழல முடியாது, பிள்ளைகளே. அதற்கான வேலை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

வான்கூவரில் அவர் இரண்டு சுற்றிலுமாக மூன்று டிரிபிள் ஆக்சல் செய்தார். ஒரே போட்டியில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ததில்லை. அப்படியும் தென்கொரியாவின் கிம் யூனா 228.56 புள்ளிகளுடன் தங்கத்தை எடுத்துக்கொண்டார், மாவோவுக்கு 205.50. அதே ஆண்டில் நொபுவோ சாட்டோ என்ற மூத்த பயிற்சியாளரிடம் சேர்ந்தார். கச்சேரி செய்துகொண்டிருக்கும் வித்வான் சரளி வரிசைக்குத் திரும்புவது போல, தாவல்கள் எல்லாவற்றையும், சாதாரணமாகச் சறுக்கும் முறையைக்கூட, அடியிலிருந்து மாற்றிக் கற்றார். ஒலிம்பிக் வெள்ளி கையில் இருக்கும்போது, இருபது வயதில்! உடனே அதற்கு விலையும் கொடுத்தார். அந்தப் பருவத்தில் சொந்த நாட்டில் நடந்த என்.எச்.கே. கோப்பையில் எட்டாவது இடம், அடுத்து பாரிஸில் ஐந்தாவது. பழைய பழக்கம் போய், புதியது இன்னும் படியாத காலம் அது. கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பழையதற்கே ஓடிவிடுகிறார்கள். 2011 டிசம்பரில் தாயையும் இழந்தார். போட்டிக்காகக் கனடா சென்றிருந்தவர், தாயின் உடல்நிலை மோசமான செய்தி கேட்டுத் திரும்பி வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அதே மாதம் தேசியப் போட்டியில் இறங்கி வென்றார். சோச்சியின் இரண்டாம் இரவில் அவரைத் தாங்கியவை இந்த ஆண்டுகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சோச்சிக்கு அடுத்த மாதமே ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டியில், சிறிய சுற்றில் 78.66 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும், "பார்த்தீங்களா, கடைசியில ஜெயிச்சுட்டாங்க" என்பார்கள். அந்தத் தங்கம் வராமல் போயிருந்தாலும் சோச்சியில் அவர் செய்தது சரிதான் என்று நான் விடாமல் சொல்வேன்.

பிந்தைய கதையையும் நான் மறைப்பதில்லை. 2016 டிசம்பரில், முழங்கால் காயத்தோடு ஆடிய தேசியப் போட்டியில் மாவோவுக்கு 12ஆவது இடம்தான் கிடைத்தது. நீண்ட சுற்றில் டிரிபிள் ஆக்சலை முயன்று விழுந்தார். 2017 ஏப்ரலில், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். பிறகு ஊர் ஊராகப் போய், பதக்கமோ மதிப்பெண்ணோ இல்லாத நிகழ்ச்சிகளில் தன்னை நேசித்தவர்களுக்காக ஆடினார். 2024இல் டோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள தச்சிகாவாவில் அவர் பெயரிலேயே ஒரு பனித்தளம் திறக்கப்பட்டது.