சுண்ணாம்புக்கு ஆகாத நீலம்

ஞாயிறு

வெயிலில் நீலப் படம் எடுக்கக் கேட்டிருந்த மருந்துகள் வந்துவிட்டன. ஒரு டப்பாவில் பச்சைத் தூள், ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இன்னொன்றில் மாதுளை முத்துப் போலச் சிவந்த படிகம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. பெயரில் சயனைடு இருப்பதைப் பார்த்ததும் அத்தை அதைச் சமையலறைப் பக்கமே வரவிடவில்லை. அதுவும் சரிதான், சமைக்கிற பாத்திரத்தில் இவற்றைக் கரைக்கக் கூடாது. ஆனால் இதில் உள்ள சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. கடும் அமிலம் சேர்க்காமல், அடுப்பில் ஏற்றாமல் இருந்தால் வம்பில்லை. பச்சைத் தூள் இரத்தசோகைக்குக் கொடுக்கும் டானிக்கிலேயே உண்டு. இரண்டும் சேர்ந்து வெயிலில் உண்டாகும் பிரஷ்யன் நீலத்தை, தாலியம் விஷம் ஏறியவர்களுக்கு முறிமருந்தாகக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் விளக்கினேன். “அப்ப முதல்ல நீயே குடி” என்றார் அத்தை.

திங்கள், இரவு

பச்சை 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், சிவப்பு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். தனித்தனிப் பாட்டிலில் இருக்கும்வரை எளிதில் கெடாது. வேண்டியபோது சம அளவு கலந்து, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தாளில் தடவி, பீரோவுக்குள் காயவைக்க வேண்டும். தாள் இளம் பச்சையாகக் காய்கிறது.

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அவர் வானியலாளர். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம், வெள்ளி உப்பும் வேண்டாம், இரும்பு போதும். பொறியாளர்கள் கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்க நெடுங்காலம் இதைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு அம்மோனியா பிரிண்ட் வந்து இதை ஓரங்கட்டியது.

செவ்வாய்

எங்கள் பக்கம் மாசியில் நிலக்கடலை விழுது இறங்கியிருக்கும். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, துணியில் ஒற்றி, தாளின்மேல் பரப்பி, பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடியில் வைத்தேன். உச்சி வெயிலில் ஏழெட்டு நிமிடத்தில் தாள் பச்சையிலிருந்து நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்தது. அதுதான் பதம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் சிட்ரேட்டின் இரும்பு உருமாறி, சிவப்பு உப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத நீலமாகிவிடுகிறது. செடி மறைத்த இடத்தில் மருந்து அப்படியே இருக்கும், அலசினால் போய்விடும்.

பூவின் அடியிலிருந்து கிளம்பி மண்ணைத் தேடும் விழுதுகள், நுனியில் பிஞ்சு கட்டியவை, கட்டாதவை, வேரில் ஒட்டிய முடிச்சுகள், எல்லாம் வெள்ளையாய் விழுந்தன. பாடப்புத்தகத்துப் படத்தில் நான் பார்க்காத குழப்பம் அது. படம் வரைகிறவர்கள் செடியை ஒழுங்குபடுத்திவிடுகிறார்கள்.

அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. தந்தை மொழிபெயர்த்த லமார்க்கின் சங்கு நூலுக்கு 250க்கு மேல் படம் வரைந்து கொடுத்த கை அவருடையது. அந்தக் கையே கடல்பாசியின் இழைகளைச் சரியாக வரைவது கடினம் என்று தூரிகையை வைத்துவிட்டு, பாசியை நேராகத் தாளில் கிடத்தியது. 1843இல் பிரிட்டிஷ் கடல்பாசிகள் நூலின் முதல் பகுதி வெளிவந்தது. பத்து ஆண்டு, 400க்கு நெருக்கமான பக்கங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு பக்கமும் வெயிலில் வைத்து எடுத்தது. ஒளிப்படம் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் மேகத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு மலைப்பு.

வியாழன்

இன்று தண்ணீரைச் சோதித்தேன். ஒரே தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றை போர் தண்ணீரிலும், மற்றதை எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்ட கேன் தண்ணீரிலும் அலசினேன். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டின் உள்பக்கத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும் தண்ணீர். அதில் அலசிய பாதியில் நீலம் சோர்ந்துபோனது, வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல். மற்ற பாதி திடமாக நின்றது. காரம் இந்த நீலத்தை உடைத்துத் துருவாக்கிவிடும். துணி சோடா பட்டால் கண் முன்னாலேயே வெளுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெள்ளாரிலிருந்து சாலை நேரே திண்டிவனம் போகிறது. அந்தப் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். அந்த நீலம் சுண்ணாம்பில்தான் உயிர் பெறும். தொட்டியில் சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டுப் புளிக்கவிட்டு நூலைத் தோய்த்தால், பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டதும் நீலமாகும். காற்றில் ஆழமாவது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. செய்முறை வெளிநாட்டிலிருந்து வரலாம், அலசும் தண்ணீர் உள்ளூர்த் தண்ணீர்தானே. செய்முறைக் குறிப்பில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சனி

பக்கத்து வீட்டு மாமா ஆரணிக்குப் பட்டு நெய்து கொடுக்கிறவர். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தபின், தறியில் ஓடிய பழைய துளை அட்டைகள் பரணில் கிடக்கின்றன. ஓர் அட்டையும் சரிகை இல்லாத வெட்டுத் துண்டுப் பட்டும் கேட்டு வாங்கினேன். பட்டின் பிசின் போக சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுவார்கள் என்பதால், அந்தக் காரம் போக முதலில் எலுமிச்சைத் தண்ணீரில் அலசினேன். பட்டு மருந்தைத் தாளைவிட ஆசையாகக் குடிக்கிறது.

மருந்து காய்ந்த பட்டின்மேல் அட்டையை வைத்து வெயிலில் காட்டியதும், அட்டையின் துளைகள் நீலப் புள்ளிகளாக வரிசை கட்டி விழுந்தன. மாமா துணியை வாங்கி விரலால் தடவினார். “நீலம் இருக்கிற இடத்துல எல்லாம் பாவு நூல் தூக்கும்மா. மத்தது படுத்துக்கும்.”

“அப்ப பூ எங்க மாமா?”

“ஒரு அட்டை ஒரு ஊடைக்குத்தான். ஒத்த அட்டையில பூவத் தேடுனா எப்படி? கட்டு முழுக்க ஓடணும்.”

பிறகு வியாபாரி கேட்கும் கேள்வியைக் கேட்டார். “சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?”

கூடாது என்றேன். வெயிலில் தொங்கவிட்டால் மங்கும், இருட்டில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் திரும்பிவரும் என்பதையும் சொன்னேன்.

“சோப்பும் ஆவாது, வெயிலும் ஆவாதுன்னா புடவைக்கு ஆவாது. கண்ணாடி போட்டு மாட்டிக்க.”

சொல்லிவிட்டுப் போனவர், சாயங்காலம் ஒரு கரைக்கான அட்டைக்கட்டு முழுவதையும் பையனிடம் கொடுத்தனுப்பினார். தண்ணீர்க் கேன்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு இரண்டு கேன் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.